பசிக்கு ஒரு கணக்கு, உடலுக்கு வேறு கணக்கு: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உணவு

தண்டுவடத்தில் அடிபட்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் குடும்பத்தாரிடம் பேசினால், முதல் சில மாதங்களில் ஒரே புலம்பல்தான் கேட்கும். "எதைச் செய்து கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது." அதே குடும்பத்தை நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கவலை மாறியிருக்கும். "முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறான், ஆனாலும் உடம்பு போட்டுக்கொண்டே போகிறது. தூக்கி உட்காரவைக்க எங்களால் முடியவில்லை." இரண்டுமே உண்மை, இரண்டுமே ஒரே காயத்தின் விளைவு. இவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒன்றும் நடக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பசி இருந்தும் சாப்பிடாமல் இருப்பது. சாப்பிட்டதை வெளியேற்ற இன்னொருவரின் கை வேண்டியிருக்கிறதே என்பதுதான் அதற்குக் காரணம்.

நலமாக இருக்கும் உடலில் பசியும் தேவையும் ஏறத்தாழச் சேர்ந்தே நடக்கும். வயலில் உழைத்தவருக்கு அதிகமாகப் பசிக்கும்; நாள் முழுதும் படுத்திருந்தவருக்குச் சோறு பிடிக்காது. தண்டுவடக் காயம் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. உடல் கரைந்துகொண்டிருக்கும் நாள்களில் பசி இருக்காது. உடலின் செலவு சுருங்கிவிட்ட பிறகு பழைய பசி முழு அளவோடு திரும்பி வந்து நிற்கும். இது தெரியாத வீட்டில் சாப்பிடாதவர் பிடிவாதக்காரர் என்றும், சாப்பிடுபவர் வாயைக் கட்டத் தெரியாதவர் என்றும் பெயர் வாங்குகிறார். இரண்டுமே அநியாயமான பெயர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம் பக்கத்தில் சாலை விபத்து, தென்னை பனையிலிருந்து விழுவது, கட்டடச் சாரத்திலிருந்து விழுவது, கிணற்றில் விழுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஷெல் சிதறலும் துப்பாக்கிக் குண்டும் பலரை இந்த நிலைக்கு ஆளாக்கின. பெரும்பாலும் உடலால் உழைத்தவர்கள், அந்த உழைப்புக்கு ஏற்ற அளவில் சோறு உண்டு பழகியவர்கள். பின்னால் வரும் எடைச் சிக்கலுக்கு இந்தப் பழக்கமும் ஒரு வேர்.

பசி எந்த வழியாகப் போகிறது

கழுத்துக்குக் கீழே எதையும் உணராத ஒருவருக்கு எப்படிப் பசிக்கிறது என்று பலர் வியப்பதுண்டு. பதில் வேகஸ் நரம்பில் இருக்கிறது. அது மூளையின் அடித்தண்டிலிருந்து நேராகக் கிளம்பி, கழுத்து, மார்பு வழியே இறங்கி வயிற்றையும் குடலின் பெரும்பகுதியையும் அடைகிறது. தண்டுவடத்துக்குள் அது நுழைவதே இல்லை. ஆகவே கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் முழுதாகச் சிதைந்தவரிடமும் இந்த வழி அறுபடுவதில்லை. பசியையும் நிறைவையும் மூளைக்கு அறிவிக்கும் கிரெலின், லெப்டின் போன்ற ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே போகின்றன. அவற்றுக்கும் தண்டுவடம் தேவையில்லை. நாக்கின் ருசியும் மூக்கின் மணமும் தலைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

அறுபடுவது வேறு. வயிறு இழுபடுவது, கடிப்பது, வலிப்பது போன்ற உணர்வுகளில் பெரும்பகுதி தண்டுவடம் வழியாகவே மேலே போகிறது. அது நின்றுவிட்டால் 'வயிறு முட்டிவிட்டது' என்ற தெளிவான செய்தி வராது. மூச்சு சற்று இறுகுவது, வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது போன்ற மறைமுகமான அறிகுறிகளைக் கொண்டு நிறைவை அறிந்துகொள்ளப் பழகியவர்கள் இருக்கிறார்கள். குடலின் வேகத்தைச் சீர்செய்யும் சிம்பதெடிக் நரம்புகளும் மார்பு, மேல் இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. காயம் மேலே இருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். காலையில் உண்ட இட்லி மதியம்வரை நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது வேண்டாமென்று சொல்லும் சாக்கு அல்ல. பெருங்குடலின் கடைசிப் பகுதியையும் மலக்குடலையும் ஆள்பவை தண்டுவடத்தின் அடி நுனியிலிருந்து வரும் நரம்புகள். ஆக, உணவுக்கு வாசலில் வரவேற்பு உண்டு. கொல்லைக் கதவு மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

முதல் மாதங்கள்: கரையும் உடல், வராத பசி

காயம் பட்டவுடன் வரும் தண்டுவட அதிர்ச்சிக் கட்டத்தில் குடலின் அசைவு நின்றுபோவதுண்டு. வயிறு உப்பும், வாய்வழி உணவை மருத்துவர்கள் சில நாள்கள் நிறுத்திவைப்பார்கள். அதன்பிறகு குடல் அசையத் தொடங்கினாலும் பசி உடனே திரும்புவதில்லை. வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகள் குமட்டலையும் மலச்சிக்கலையும் தருகின்றன. சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாக மெட்ரோனிடசோல், வாயில் உலோகச் சுவையை ஏற்றிவிடும். சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் ஆக்சிபியூடினின் வாயை உலர்த்தும்; உலர்ந்த வாயில் சோறு உருளும், இறங்காது.

இதே நாள்களில்தான் தசை வேகமாகக் கரைகிறது. நரம்பின் கட்டளை நின்ற தசையை உடல் உடைத்து, அதன் நைட்ரஜனைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இந்த இழப்பு மூன்றாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து இரண்டு மாதங்கள்வரை நீளக்கூடும். முதல் சில மாதங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுவது சாதாரணம். எவ்வளவு ஊட்டினாலும் இந்த இழப்பை முழுதாகத் தடுக்க முடியாது என்பதுதான் குடும்பத்தார் முக்கியமாக அறிய வேண்டியது. தொடை மெலிவதைக் கண்டு பதறி, நாளுக்கு நாலு வேளை நெய்யும் சத்துமாவுக் கஞ்சியும் ஆட்டுக்கால் சூப்பும் திணித்தால் போன தசை திரும்பாது, கொழுப்புதான் சேரும். போதுமான புரதம், அளவான கலோரி, புண் வராத தோல் ஆகிய மூன்றைத்தான் அந்தக் கட்டத்தில் குறிவைக்க முடியும்.

சாப்பிடாமைக்குப் பின்னால் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய நோய்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றில் இரண்டை இங்கே விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் இரண்டுமே 'மனம் உடைந்துபோய்ச் சாப்பிட மறுக்கிறான்' என்று எளிதில் தவறாகப் படிக்கப்படுகின்றன.

ஒன்று, இரத்தத்தில் கால்சியம் ஏறுவது. எலும்பு சுமை தாங்காமல் கிடக்கும்போது அதிலுள்ள கால்சியம் இரத்தத்தில் இறங்குகிறது. வளரும் வயதுப் பையன்களிடமும் இளைஞர்களிடமும் காயத்துக்குப் பின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது தலைகாட்டும். பசியின்மை, குமட்டல், வாந்தி, அடங்காத தாகம், நிறைய சிறுநீர், சோர்வு, எதிலும் பற்றில்லாமை ஆகியவை அறிகுறிகள். பதினேழு வயதுப் பையன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தட்டைத் தள்ளுகிறான் என்றால் துக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். துக்கமும் இருக்கலாம். ஆனால் ஒரு இரத்தப் பரிசோதனை போதும் இதைக் கண்டறிய, மருந்தும் இருக்கிறது. எலும்புக்கு நல்லது என்று மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை கொடுப்பது இந்தக் கட்டத்தில் கெடுதல்.

இன்னொன்று, வேகமாக மெலிந்தவரிடம் வருவது. சிறுகுடலின் முதல் பகுதி ஒரு பெரிய இரத்தக் குழாய்க்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஓடுகிறது. அங்கே திண்டுபோல் இருந்த கொழுப்பு கரைந்துவிட்டால் குடல் நசுங்கி உணவு நின்றுபோகும். சாப்பிட்டவுடன் வயிறு உப்பி வாந்தி வரும். மல்லாந்து படுத்தால் மோசமாகும், இடப்பக்கம் ஒருக்களித்தால் குறையும். வாந்திக்குப் பயந்து அவர் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார், இன்னும் மெலிவார், நெருக்கல் இன்னும் இறுகும். இந்தச் சுழலை மருத்துவமனையில்தான் உடைக்க முடியும்.

கழுத்தில் காயமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்களிடம் விழுங்குவதே சிக்கலாவதும் உண்டு. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தால், கழுத்துப் பட்டை மோவாயைத் தாழ்த்த விடாமல் பிடித்திருந்தால் புரையேறும். இருமும் தசைகளும் செயலிழந்திருப்பதால் புரையேறியது வெளியே வராமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும். படுத்தவாக்கில் வாயில் கஞ்சி ஊற்றும் பழக்கம் இவர்களுக்கு ஆபத்தானது. நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கெட்டியான பதத்தில், சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். விழுங்கும் திறனை ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துப் பார்ப்பது மிக நல்லது.

இன்னொருவர் கையால் உண்பது

உணவு என்றால் கலோரி மட்டும் இல்லை. சோறு உண்ணும்போது நாம் அறியாமலே எத்தனை முடிவுகளை எடுக்கிறோம். குழம்பை எவ்வளவு ஊற்றுவது, பொரியலை எந்த வாய்க்குச் சேர்ப்பது, அப்பளத்தை எப்போது நொறுக்குவது, ரசத்துக்கு எப்போது மாறுவது, எப்போது போதும் என்பது. ஊட்டப்படுகிறவரிடமிருந்து இவை எல்லாமே ஒரே நாளில் பறிபோகின்றன. ஊட்டுகிறவருக்கு வேறு வேலை காத்திருக்கும். முந்தைய வாயை மெல்வதற்குள் அடுத்த வாய் உதட்டருகே வந்து நிற்கும். 'போதும்' என்று சொல்வது பசி தீர்ந்ததற்காக இல்லாமல், இந்த அவசரம் தீரட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்து, ஊட்டுவதற்கு முன் "எதை முதலில் வைக்கட்டும்?" என்று கேட்கும் வழக்கம் ஒன்றே பல வீடுகளில் பெரிய மாறுதலைக் கொண்டுவரக்கூடியது. செலவில்லாதது. ஆனாலும் அரிதாகத்தான் நடக்கிறது.

எந்த மட்டத்தில் காயம் என்பதைப் பொறுத்துத் தானே உண்ணும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்தாவது கழுத்து நரம்பு வேலை செய்தால் தோளும் முழங்கையை மடக்கும் தசையும் இருக்கும். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் ஸ்பூனைச் செருகிக்கொண்டு உண்ணப் பழகலாம். ஆறாவது நரம்பும் இருந்தால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாகவே மடங்கிக் கட்டைவிரலோடு சேரும். இந்தப் பிடியை வைத்து முறுக்கை எடுக்கலாம், பழத்துண்டை எடுக்கலாம். விரல்கள் சற்று இறுக்கமாக இருந்தால்தான் இந்தப் பிடி அமையும். அன்பு மிகுதியில் வீட்டார் தினமும் மணிக்கட்டைத் தூக்கி வைத்து விரல்களை நீட்டி நீட்டி உருவிவிட்டால் அந்தப் பிடி என்றைக்குமாகப் போய்விடும். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. தட்டுக்கு விளிம்பு உயரமாக இருக்கட்டும், அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுடச்சுடச் சாதம் போட்ட எவர்சில்வர் தட்டையோ காபி டம்ளரையோ மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. தொடைக்குச் சூடு தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். ஆற மாதங்கள் ஆகலாம்.

மனச்சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. காயத்துக்குப் பின் அது மிகச் சாதாரணமாக வருவது, பசியைக் கொல்வது, சிகிச்சைக்கு இணங்குவது. ஆனால் மேலே சொன்ன உடல் காரணங்களை எல்லாம் பார்த்து முடிப்பதற்கு முன்பே 'மனசுதான்' என்று முடிவுகட்டுவது தவறு. எல்லாம் உடல்தான் என்று மனதைப் பார்க்காமல் விடுவதும் அதே அளவு தவறு.

கழிவறை ஆளும் தட்டு

பலர் பேசத் தயங்கும் இடம் இது. எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் மையமாகப் படுகிறது.

தண்டுவடக் காயம்பட்டவர் மலம் கழிப்பது தானாக நடப்பதில்லை. குறித்த நேரத்தில் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து) வைத்தோ, கையுறை அணிந்த விரலால் தூண்டியோ, சிலருக்கு விரலால் வெளியே எடுத்தோ செய்ய வேண்டும். கையில் வலு இருப்பவர் தானே செய்துகொள்வார். மற்றவர்களுக்கு மனைவி, கணவர், தாய், மகள், கூலிக்கு வந்த ஆள் என்று யாரோ ஒருவர் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் பிடிப்பதும் உண்டு. எழுபது வயதுத் தாய் குனிந்து இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மகன், அடுத்த வேளை பாதித் தட்டோடு நிறுத்திக்கொள்கிறான். இதைப் பசியின்மை என்று மருத்துவக் குறிப்பில் எழுதினால் உண்மை தவறிவிடும்.

வெளியே போவதென்றால் இன்னும் கடுமை. கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே பட்டினி, தண்ணீரும் இல்லை. பந்தியில் எல்லோரும் வற்புறுத்த, 'வயிறு சரியில்லை' என்று ஒரு பொய். மண்டபத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிவறை இருக்காது என்பது அவருக்குத் தெரியும், வற்புறுத்துகிறவர்களுக்குத் தெரியாது.

வருத்தம் என்னவென்றால், பட்டினி அவர் நினைக்கும் பாதுகாப்பைத் தருவதில்லை. உணவு இரைப்பையில் இறங்கும்போது பெருங்குடல் ஒருமுறை அசைந்துகொடுக்கும். காயத்துக்குப் பிறகு இந்த எதிர்வினை பலரிடம் மந்தமானாலும் முற்றாகப் போவதில்லை. அதனால்தான் காலையில் ஏதாவது சாப்பிட்டு, சூடாக ஒரு காபியோ வெந்நீரோ குடித்து, இருபது முப்பது நிமிடம் கழித்து மலம் கழிக்கும் வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள். வேளை தவறினால் குடலின் ஒழுங்கும் தவறும். மலம் உள்ளே தங்கி இறுகும். பிறகு எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத இடத்தில் வெளியேறும். எந்த விபத்துக்குப் பயந்து பட்டினி கிடந்தாரோ, அதையே பட்டினி கொண்டுவருகிறது. ஒரே நேரத்தில் உண்பது, ஒரே நேரத்தில் கழிப்பது என்ற ஒழுங்கு சில வாரங்களில் நிலைபெற்றுவிட்டால், பலருக்குச் சாப்பாட்டின் மேல் இருந்த அச்சம் தானாகவே குறைகிறது. உணவைப் பற்றிய ஆலோசனை சமையலறையிலிருந்து தொடங்கினால் போதாது. இங்கிருந்து தொடங்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் நார்ச்சத்து. வாழைத்தண்டு, கீரை, கொய்யா, முழுத் தானியம் என்று அடுக்குவார்கள். சாதாரண மலச்சிக்கலுக்கு அது சரி. நரம்பால் மந்தமான குடலுக்கு அளவு மீறிய நார் எதிர்விளைவைத் தரலாம். 1996 இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கு நார்ச்சத்தைக் கூட்டியபோது பெருங்குடலில் மலம் கடக்கும் நேரம் குறைவதற்குப் பதிலாக நீண்டது. எல்லோருக்கும் ஒரே அளவு நார் என்பதை மருத்துவ வழிகாட்டிகள் ஏற்பதில்லை. நாளுக்குச் சுமார் 15 கிராமில் தொடங்கி, மலத்தின் பதத்தையும் வயிற்று உப்புசத்தையும் பார்த்து மெல்லக் கூட்டச் சொல்கின்றன. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு மலம் மெத்தென்று உருவாகி இருப்பது நல்லது. அடி நுனியில் அடிபட்டு ஆசனவாய் தளர்ந்தவருக்குச் சற்றுக் கெட்டியாக இருந்தால்தான் கசியாது. ஒருவருக்கு ஒத்துக்கொண்ட பப்பாளி இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்கு இதுவே காரணம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இறுகிய மலத்தின் ஓரமாக நீர்போன்ற மலம் வழிந்து வரும். வீட்டார் வயிற்றுப்போக்கு என்று நினைத்து உணவை நிறுத்தி, போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே அடைப்பு இன்னும் இறுகும். சில நாள் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு தண்ணீராகப் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மலச்சிக்கலைத்தான்.

தண்ணீருக்கும் இதே இழுபறி. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972 இல் அறிமுகப்படுத்திய முறைப்படி, கதீட்டர் என்னும் சுத்தமான மெல்லிய குழாயை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்திச் சிறுநீரை எடுத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையில் ஒரு நேரத்தில் 500 மில்லிக்கு மேல் சேரக் கூடாது. ஆகவே குடிப்பதையும் நாள் முழுவதும் சீராகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு மோர் குடித்தால் கணக்கு தவறும். இரவில் எழ வேண்டாமே என்று மாலையோடு தண்ணீரைக் குறைப்பது நியாயம்தான். பகலிலும் குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும், கல் உண்டாகும். நம் ஊர் வெயிலில், காயத்துக்குக் கீழே வியர்க்காத உடலுக்கு அது இரட்டைத் துன்பம்.

பழைய தட்டு, புதிய உடல்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். மெலிந்து மெலிந்து சாவதுதான் அன்றைய வழக்கம். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவிலில் மருத்துவர் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு அந்த நிலையை மாற்றிய மையங்களில் முதன்மையானது. அதன்பின் இவர்கள் நீண்ட ஆயுள் வாழத் தொடங்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே 1966 இல் மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவர் பங்கு பெரியது. 1975 இல் கழுத்தில் காயமடைந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இப்படிப் பல பத்தாண்டுகள் நீளும் வாழ்க்கைக்கு உண்ண வேண்டிய உணவு, நோயாளிப் பத்தியமாக இருக்க முடியாது. ஆயுள் கூடக் கூட, சர்க்கரை நோயும் இதய நோயும் இவர்களையும் தேடி வந்தன.

கணக்கைப் பார்ப்போம். உட்கார்ந்த வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள இந்திய ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. மறுவாழ்வுக் கட்டத்தில் கால்கள் மட்டும் செயலிழந்தவருக்குக் கிலோவுக்குச் சுமார் 28 கலோரியும், கை கால் நான்கும் செயலிழந்தவருக்குச் சுமார் 23 கலோரியும் போதும் என்பது மருத்துவ உணவியலில் நெடுநாளாகப் பயன்படும் அளவு. அதே 65 கிலோவுக்கு முதலாமவருக்கு ஏறத்தாழ 1,800, இரண்டாமவருக்கு 1,500 என்று வரும். நான்கும் செயலிழந்தவருக்கு நாளுக்கு 600 கலோரி குறைகிறது. ஏறக்குறைய அரைக் கிலோ சோற்றின் சக்தி. முன்பு மரமேறிப் பிழைத்தவரின் தட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஆகவே 'குறைவாகச் சாப்பிட்டும் எடை ஏறுகிறது' என்பவர் பொய் சொல்லவில்லை. தசை போன உடல் சும்மா இருக்கும்போதும் குறைவாகவே எரிக்கிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை பசியையும் எடையையும் கூட்டவும் செய்யும்.

தராசு காட்டும் எண்ணும் ஏமாற்றும். தசையின் இடத்தில் கொழுப்பு குடியேறுவதால், எடை பழைய அளவிலேயே இருக்கும்போதே உடல் கொழுத்திருக்கும். அதனால் தண்டுவடக் காயம்பட்டவர்களுக்குப் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 22 ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கொள்ள வேண்டும் என ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 60 கிலோ. வயிறு முன்னே தள்ளியிருப்பது எப்போதும் கொழுப்பு ஆகாது. வயிற்றுத் தசை தளர்ந்தாலும் அப்படித் தெரியும். சக்கர நாற்காலியோடு ஏற்றும் எடைமேடை எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் நாற்காலியோடு ஒருமுறை, வெறும் நாற்காலியை ஒருமுறை நிறுத்துக் கழித்துக்கொண்டால் போதும். மாதம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவைப்பது நல்லது. கூடும் ஒவ்வொரு கிலோவும் அவருடைய தோள்மூட்டின் மேலும், தூக்குகிறவரின் இடுப்பின் மேலும், உட்காருமிடத்துத் தோலின் மேலும் ஏறுகிறது.

சோற்றைக் குறைக்கும்போது புரதம் குறைந்துவிடக் கூடாது. நம் தட்டின் பலவீனம் இதில்தான். இட்லி, தோசை, சாம்பார்ச் சாதம், ரசச் சாதம், மோர்ச் சாதம் என்று நாள் முழுக்க அரிசியே சுற்றி வரும்; சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். படுக்கைப் புண் வந்துவிட்டால் புண்ணிலிருந்து வடியும் நீரோடு புரதமும் போகிறது. அப்போது கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உடலுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மீன், முட்டை, கோழி, தயிர், சுண்டல், சோயா உருண்டை என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று சேராமல் அந்த எண்ணை எட்ட முடியாது. புண் ஆறவில்லை என்று களிம்பை மாற்றிக்கொண்டே இருக்கும் வீடுகளில் தட்டில் கஞ்சிதான் இருக்கிறது என்பது வேதனையான உண்மை. சிறுநீரகம் பழுதுபட்டவர் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய வேளைகளைவிடச் சிறு வேளைகள் இவர்களுக்கு உகந்தவை. நிரம்பிய வயிறு மூச்சுத்திரையை மேலே தள்ளும். மார்புத் தசை இல்லாதவர் அந்த ஒரே தசையை நம்பித்தான் மூச்சு விடுகிறார். காயம் மேலே உள்ளவர்களுக்கு வயிறார உண்டபின் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் உண்டு.

நன்றாகச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால்

ஆண்டுக்கணக்கில் நிலையாகச் சாப்பிட்டு வந்தவருக்கு ஓரிரு நாளில் பசி விட்டுப்போனால், அதை ஒரு வலியைப் போல நடத்த வேண்டும். குடல்வால் அழற்சியோ, பித்தப்பைக் கல்லோ, குடல் புண் துளைப்பதோ மற்றவரைத் துடிக்கவைக்கும். இவருக்கு வயிறு வலிக்காது. பித்தப்பைக் கல் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகவும் காணப்படுகிறது. பசியின்மை, குமட்டல், வழக்கத்தைவிட அதிகமாகக் கால் வெட்டி இழுப்பது, காரணமில்லாத வியர்வை, தோள்பட்டை நுனியில் ஒரு வலி, காய்ச்சல் போன்றவையே கிடைக்கும் தடயங்கள். சிறுநீர்த் தொற்றும், கண்ணில் படாத இடத்துப் படுக்கைப் புண்ணும், பல நாள் மலச்சிக்கலும் இதே முகத்தோடுதான் வரும். கடைசியாக எப்போது மலம் கழித்தார், சிறுநீரின் நிறமும் வாடையும் எப்படி, முதுகிலும் பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் எப்படி என்று அன்றே பார்த்துவிட வேண்டும். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவரிடம் மலம் அடைத்தோ சிறுநீர்ப்பை நிரம்பியோ இருந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறித் தலை பிளப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்னும் இந்த நிலை உயிருக்கே ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாய் இல்லாதவருக்குக் கதீட்டர் செலுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான். எல்லா மருத்துவமனைகளிலும் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இதைப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது. காயத்தின் மட்டம், வழக்கமான இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள், 'இவருக்கு வயிற்று வலி தெரியாது' என்ற ஒரு வரி ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சக்கர நாற்காலியின் பையில் எப்போதும் வைத்திருப்பது நல்லது.